தீட்டு அறுந்த பங்காளி

திண்டிவனத்தில் நான் செய்முறை வகுப்பு எடுக்கும் கல்லூரியில், என் மேசை இழுப்பறையின் மூலையில், பஞ்சு சுற்றிய ஒரு கண்ணாடி ஸ்லைடு இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அதில் ஒன்றுமில்லை. தேநீர் சிந்தித் துடைத்ததுபோல் மங்கலான ஒரு தடம் மட்டும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் ரத்தம் பற்றிய பாடம் வரும்போது அதை எடுத்து வைத்து, எந்தப் பிராணி என்று கேட்பேன். "கோழி, மிஸ்" என்பார்கள். அணுக்கள் வட்டமாக இல்லாமல் சற்றே உப்பிய நெல்மணிபோல நீள்வட்டமாக இருப்பதால் அப்படித்தான் தோன்றும். கோழி என்றால் ஒவ்வோர் அணுவின் நடுவிலும் உட்கரு இருக்க வேண்டுமே, எங்கே என்று கேட்பேன். விழிப்பார்கள். உட்கரு இல்லாத சிவப்பணு பாலூட்டிகளுடையது. மாடு, ஆடு, நாய், யானை, மனிதர் எல்லாருக்கும் அது வட்டம். நீள்வட்டம் ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான்: ஒற்றைத் திமில் ஒட்டகம், இரட்டைத் திமில் ஒட்டகம், கடலுக்கு அப்பால் தென்னமெரிக்க மலைகளில் திமிலே இல்லாமல் திரியும் லாமா, அல்பாகா, குவானாகோ, விக்குன்யா. ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டிய தாளில் 'ரோஜா' என்று டாக்டரின் கையெழுத்து இருக்கிறது. அணுக்களுக்கு நடுவே, ஊதா நிறத்தில், சாட்டையின் நுனி மாதிரி வளைந்து கிடக்கும் ஒன்றும் இருக்கிறது. மாணவிகள் அதை எப்போதும் கடைசியில்தான் கவனிப்பார்கள்.

டாக்டர் என்று நான் சொல்வது கால்நடை மருத்துவரை. அறுபதுகளின் தொடக்கத்தில், பட்டமும் ஆய்வுக்கூடப் பயிற்சியும் முடித்த கையோடு, விழுப்புரத்தில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ரத்தம், சாணம், பால் எது வந்தாலும் சோதித்துச் சொல்வது என் வேலை. உயரமாக இருப்பார், உயரத்துக்காக யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் எப்போதும் சற்றுக் குனிந்தே நிற்பார். வயிற்றுப்புண் இருந்ததால் காலையில் மோரும் பகலில் மோருமாகவே அவர் பிழைப்பு நடந்தது. யாரைப் பார்த்தாலும் பூர்வீகம் விசாரிப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் என் தாய்மாமன் எந்த ஊர் என்று கேட்டவர் அவர். பிராணிகளிடமும் அதே வழக்கம்தான். "எந்த வூட்டுப் புள்ளைன்னு மொதல்ல பாருங்கம்மா. வூடு தெரிஞ்சா வியாதி தெரியும்" என்பார். குதிரையும் கழுதையும் ஒரு வீடு, அவற்றுக்கு ஒருவகை நோய். மாடும் ஆடும் ஒரு வீடு, அவற்றுக்கு வேறுவகை. அவர் மேசைமேல் இருந்த பழைய பாடப்புத்தகத்தில் வம்ச மரங்களின் படங்கள் உள்ள பக்கங்கள் மட்டும் கை பட்டுக் கறுத்திருந்தன. அந்த மரங்களை அவர் நம்பியதுபோல் நான் எதையும் நம்பியதில்லை. எனக்கு எதையும் ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்திப் பார்க்காமல் நிம்மதி வராது. வரிசையின் கடைசியில் எப்போதும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும்.

அந்தக் கோடையில் வெக்கை நோய் செஞ்சிப் பக்கம் தலைகாட்டியிருந்தது. மாட்டுக்குக் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், வாயில் புண், பிறகு கழிச்சல், பிறகு சாவு. ஒரு தொழுவத்தில் நுழைந்தால் அடுத்த தொழுவத்துக்கும் போகும். தடுப்பூசி ஒன்றுதான் வழி. அந்த மருந்தோ குளிரில் இருந்தால்தான் உயிரோடிருக்கும். புதுச்சேரியிலிருந்து காலைப் பேருந்தில் மரத்தூளில் புதைத்த பனிக்கட்டி வரும். அதை உடைத்துப் பெட்டியில் போட்டு, நடுவில் மருந்துக் குப்பிகளை அடுக்கி, ஜீப்பில் கிளம்புவோம். வழியெல்லாம் டாக்டர் பெட்டியின் மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பனிக்கட்டி கரைவதற்குள் மாடுகள் வந்து நிற்க வேண்டும். அந்த மாதங்களில் எங்கள் பயமெல்லாம் சொட்டும் தண்ணீராகத்தான் எங்களுக்குக் கேட்டது.

பனமலை ஏரிக்கு அந்தப்புறம் இருந்த ஓர் ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு மாடுகூட வரவில்லை. ஊர்ச்சனம் முழுவதும் ஏரிக்கரையில் ஒரு புளியமரத்தைச் சுற்றி நின்றது. மரத்தடியில் ஓர் ஒட்டகம் படுத்திருந்தது. கழுத்து தரையோடு நீண்டு கிடந்தது. கண்களிலிருந்து நீர் வடிந்து கன்னத்து மயிரில் கோடு போட்டிருந்தது. ஆற்காட்டுப் பக்கத்துக்காரர் ஒருவர், எல்லாரும் பாய் என்று கூப்பிட்டார்கள், அதன் தலைமாட்டில் குந்தியிருந்தார். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விட்டுத் திரும்பும் வழியில் ஒட்டகம் இங்கே படுத்துவிட்டது. அது ஏரியில் தண்ணீர் குடித்த சில நாட்களில் ஊரில் முதல் மாடு செத்தது. செத்தது ஊரிலேயே பெரிய தொழுவத்துக்குச் சொந்தக்காரியான ஓர் அம்மாளின் உழவு மாடு, சோடியில் ஒன்று. எல்லாரும் அவரைப் பெரியவூட்டம்மா என்றார்கள். கணவர் இல்லை, குரல் இருந்தது. அவர் சொன்னால் ஊர் கேட்கும் என்பது, அவர் பேசும்போது மற்றவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"வாங்க டாக்டரே" என்றார். "வெக்கை வந்தா வாயில புண்ணு வரும்னு நீங்கதான ஊர் ஊரா நோட்டீஸ் ஒட்னீங்க? இந்த வாயக் கொஞ்சம் பாருங்க. உள்ள பூரா முள்ளு மொளைச்சிக்கினு கெடக்குது."

பாய் ஒட்டகத்தின் உதட்டை விலக்கிக் காட்டினார். கன்னத்தின் உட்புறம் முழுவதும், விரல்நுனி அளவுக்குக் கூர்கூராக, சதைமுட்கள். நானும் அதுவரை ஒட்டகத்தின் வாயைப் பார்த்ததில்லை. என் கையில் இருந்த பஞ்சு கீழே விழுந்தது.

"அது புண்ணு இல்லம்மா" என்றார் டாக்டர். "பொறக்கும்போதே அப்படித்தான். கருவேல முள்ளத் திங்கிற வாயி. முள்ளு குத்தாம இருக்க அது."

"பொறக்கும்போது நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களா?"

கூட்டம் சிரித்தது. பாய் எழுந்தார். "குட்டியிலேர்ந்து இதான் வாயி அம்மா. தினம் நான் பாக்கறேன் இல்ல? பேஜாரு பண்ணாதீங்க. ஜல்தியா அவுத்து வுட்டீங்கன்னா நான் ஆற்காட்டுக்கு நடந்துக்கினே போயிடறேன்."

"எந்திரிக்கவே முடியல, அது எங்க நடக்கும்?" என்ற பெரியவூட்டம்மா டாக்டர் பக்கம் திரும்பினார். "இது அசை போடுது. நான் பாத்தேன். அசை போட்டா மாட்டு சாதிதான? மாட்டு வியாதி வராதா? இத முடிச்சிட்டுச் சொல்லியனுப்புங்க, எங்க மாட்ட ஊசிக்கு ஓட்டியாறோம். அதுவரிக்கும் ஒரு கன்னுகூட வராது."

ஆக அன்று நிலைமை இதுதான். ஒட்டகத்தைக் கொன்றால் ஊர் மாடுகளுக்கு ஊசி போடலாம். கொல்லாவிட்டால் நோய் ஒவ்வொரு தொழுவமாக ஏறி இறங்கும். டாக்டர் ஒருநாள் அவகாசம் கேட்டார். ஒட்டகத்தின் காது நரம்பில் ஊசி குத்தி, வந்த துளியை ஸ்லைடில் இழுத்து உலர்த்திக்கொண்டேன். ரோஜா என்பது அதன் பெயர் என்று பாய் சொன்னார். பெட்டியில் மிஞ்சியிருந்த பனிக்கட்டித் தண்ணீரை டாக்டர் ஒரு வாளியில் ஊற்றி அதன் முன்னால் வைத்தார். அது குடிக்கவில்லை.

மாலையில் சாயம் ஏற்றி அந்த ஸ்லைடைப் பார்த்தபோது முதலில் பயம்தான் வந்தது. அன்று கோழிகளின் ரத்தமும் சோதனைக்கு வந்திருந்தது. ஸ்லைடுகளை மாற்றிவிட்டேனோ என்று நினைத்தேன். என் வழக்கப்படி வரிசைப்படுத்தினேன்: நீள்வட்டம், எனவே பறவை, உட்கரு இல்லை, எனவே பறவை இல்லை. இரண்டும் சேர்ந்தால் புத்தகத்தில் ஒரே ஒரு குடும்பம். ஒட்டகமேதான். மூச்சு விட்டுவிட்டு ஸ்லைடை நகர்த்தியபோது அந்த ஊதாச் சாட்டை தெரிந்தது. அடுத்த பார்வையில் இன்னொன்று. சர்ரா என்று சொல்லப்படும் நோயின் ஒட்டுண்ணி. காய்ச்சல், கண்ணில் நீர், எழ முடியாத சோர்வு எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். டாக்டரைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டு நிமிர்ந்தவர் முகத்தில் பரீட்சையில் தேறிய பையனின் சந்தோஷம் இருந்தது. "வேற வூடும்மா இது. ரத்தமே வேற மாதிரி இருக்குது பாருங்க" என்றார். ஒட்டகத்துக்கு வெக்கை அரிதாக ஒட்டலாம் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்ததை அவருக்கு நினைவுபடுத்தினேன். அவர் சந்தோஷம் குறைந்தது. "இருக்குது" என்றார். "அரிதான்னு போட்டிருக்குது. ஆனா இருக்குது." சர்ராவுக்கான மருந்து சென்னையிலிருந்து ரயிலில் வர வேண்டும். அன்றே தந்தி கொடுத்தார்.

மறுநாள் காலை அதே புளியமரத்தடியில் டாக்டர் ஊருக்கு ஒட்டகத்தின் வம்சத்தைச் சொன்னார். ஜீப்பின் நிழலில் பெட்டியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதுவும் கேட்டது, அவர் பேச்சும் கேட்டது.

"மாடு, ஆடு, மானு எல்லாம் ஒரு வூட்டுப் பங்காளிங்க. ஒட்டகம் அந்த வூட்ட வுட்டு எப்பவோ பாகம் பிரிச்சிக்கினு போயிட்டது. மனுசன்னு ஒருத்தன் பொறக்கறதுக்கு ரொம்ப முன்ன. அப்ப ஒட்டகம் ஒரு மொசலு அளவுதான் இருந்தது. பொறந்ததும் பாலைவனத்துல இல்ல, அமெரிக்காவுல."

"இஸ்கூலுக்குப் பால் பவுடர் அனுப்புறானே, அந்த அமெரிக்காவா?" என்றார் ஒருவர்.

"அதேதான்."

"அப்ப அங்க ஒட்டகம் மேயுதா?"

"ஒண்ணுகூட இல்ல. பொறந்த ஊர்ல பூண்டோட அத்துப் போச்சி. தெக்கால போனது திமிலு இல்லாத லாமா ஆச்சி. வடக்கால போனது, அப்ப கடல் இல்லாம இருந்த தரை வழியா ஆசியாவுக்கு வந்து ஒட்டகம் ஆச்சி. பாருங்க, மாடு குளம்பு நுனியில நிக்குது. இது பாதத்த விரிச்சி மெத்தை மேல நிக்குது. மாட்டுக்கு நாலு அறை வயிறு, இதுக்கு மூணு. மாட்டுக்கு மேல்தாடையில முன்பல்லே கிடையாது. இதுக்கு ஓரத்துல இருக்குது."

"அசை போடுதே?" பெரியவூட்டம்மா விடவில்லை.

"போடுது. பிரிஞ்சி போன அப்புறம் தனியாக் கத்துக்கினது."

பெரியவூட்டம்மா ஒட்டகத்தின் வாயை ஒருதரம் குனிந்து பார்த்தார். பிறகு, "அதெல்லாம் இருக்கட்டும். இதுக்கும் மாட்டுக்கும் தீட்டு உண்டா, இல்லையா? அத சொல்லுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் அதுதான் உறவின் அளவுகோல். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் இங்கேயும் தீட்டு. இத்தனை தலைமுறை கடந்து கிளை விலகிவிட்டால் தீட்டு அறுந்துவிட்டது என்பார்கள். அப்புறம் அந்த வீட்டுச் சாவு இந்த வீட்டைத் தொடாது. டாக்டரின் முகம் மலர்ந்தது. தான் இத்தனை நேரம் சொல்ல முயன்றதை இந்த அம்மாள் ஒரு கேள்வியில் முடித்துவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "தீட்டு அறுந்த பங்காளிம்மா இது" என்றார். "எப்பவோ அறுந்து போச்சி. அது வியாதி மாட்டத் தொடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. வெக்கையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்; அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

"அப்ப கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணுங்க."

உள்ளங்கையில் எரியும் கற்பூரத்தை வைத்து அணைப்பது ஊருக்கு ஊர் நடக்கும் சத்தியம்தான். தட்டில் கற்பூரமும் வந்துவிட்டது. டாக்டர் கையை நீட்டவில்லை. அவர் கண் என் பக்கம் வந்தது. 'அரிதாக' என்ற அந்த ஒற்றைச் சொல் எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது. "கண்ணாடியில பாத்ததுக்கு சத்தியம் பண்றேன்" என்றார். "பாக்காததுக்குப் பண்ண மாட்டேன். அதுக்குப் பதிலா என் வூட்டுக் கன்னுக்குட்டிய இட்டாந்து இந்த ஒட்டகத்து பக்கத்துலயே கட்டறேன். வெக்கை ஒட்டுமா ஒட்டாதான்னு நீங்களே பாத்துக்குங்க."

"ஊசி போட்ட கன்னா?" பெரியவூட்டம்மா உடனே கேட்டார்.

"இன்னும் போடல."

பேரம் படிந்தது. ஊர் மாடுகளில் பாதிக்கு அன்றே ஊசி. கன்று நன்றாக இருந்தால் மறு பாதிக்கு. கன்று படுத்தால் ஒட்டகம் ஊருடையது, கொன்றுவிடலாம். பாயின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அவர் ரோஜாவின் கழுத்துக் கயிற்றைத் தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்; அவ்வளவுதான்.

கன்று டாக்டரின் மனைவி வளர்த்தது. அதன் கழுத்தில் மணியைக் கட்டிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார் என்று டாக்டர் ஜீப்பில் சொன்னார். அதற்குப் பிறகு தினமும் காலையில் போய்க் கன்றுக்கும் ஒட்டகத்துக்கும் காய்ச்சல் பார்ப்பேன். போகும் வழியெல்லாம், கன்று எந்தெந்த வழியில் நோய்வாய்ப்படலாம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே போவேன். ஊர் மாடு ஒன்று அவிழ்ந்து ஏரிக்கரைக்கு வந்துவிட்டால் அதனிடமிருந்தே வெக்கை ஒட்டலாம். பழி ஒட்டகத்தின்மேல் விழும். எங்கள் செருப்பில் ஒட்டிய சாணத்திலிருந்து வரலாம். அதற்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவிக்கொண்டுதான் மரத்தடிக்குப் போவோம். வெயிலில் வெறும் கழிச்சலே வரலாம். ஊர்க்காரர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள்? எவ்வளவு எண்ணினாலும் அந்தப் பட்டியலில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. ரோஜாவின் தோள்மேல் பெரிய மாட்டு ஈக்கள் உட்கார்வதையும், அது தோலைச் சிலிர்த்தால் எழுந்து பக்கத்தில் கட்டியிருந்த கன்றின்மேல் உட்கார்வதையும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாய் தன் துண்டால் இரண்டையும் மாற்றி மாற்றி விசிறிக்கொண்டிருப்பார். சென்னை மருந்து வரவில்லை. ரயில் நேரத்தில் டாக்டர் விழுப்புரம் நிலையத்துக்கு நடந்து போய் வெறுங்கையோடு வருவார். கன்று துள்ளிக்கொண்டிருந்தது. மீதி மாடுகளைக் கொண்டுவரப் பெரியவூட்டம்மா நாள் குறித்தார்.

அந்த நாளன்று காலை கன்று படுத்திருந்தது. தொட்டாலே கை சுட்டது. கண்ணோரம் ஈரம். வாயைத் திறந்து பார்த்தோம், புண் இல்லை. ஆனால் புண் பிறகும் வரலாம். ஊசிக்காக மாடுகளை ஓட்டி வந்தவர்கள் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். நல்லவேளையாக அன்று மைக்ராஸ்கோப்பையும் எடுத்துப் போயிருந்தேன். ஜீப்பின் பின்பக்கப் பலகையில் அதை வைத்து, கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, கன்றின் ரத்தத் துளியை உலர்த்தாமல் அப்படியே மூடிப் பார்த்தேன். வட்ட வட்டமான சிவப்பணுக்கள், மாட்டுக்கு இருக்க வேண்டியபடியே. அவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏதோ ஒன்று துடித்து ஓடியது.

டாக்டர் குனிந்து பார்த்தார். "வெக்கை இல்ல" என்று முதலில் மூச்சு விட்டார். பிறகும் அவர் நிமிரவில்லை. "இது ரோஜாவோடது" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

வெக்கை இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். அது உண்மையும்கூட. மாடுகள் நூறு கஜத்தில் நின்றன. பெட்டியில் பனிக்கட்டி இருந்தது. இவ்வளவும் எனக்குத் தோன்றியது; அவர் முதுகைப் பார்த்தபோது அவருக்கும் தோன்றுகிறது என்று தெரிந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, கூட்டத்தை நோக்கிப் போனார்.

"கன்னுக்கு வெக்கை இல்ல. ஆனா ஒட்டகத்தோட வியாதி கன்னுக்கு வந்துட்டது. ஒட்டகத்து வியாதி மாட்டத் தொடாதுன்னு சொன்னேன். அது தப்பு."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டு பேர் புளியமரத்தை நோக்கி நடந்தார்கள். பாய் ரோஜாவின் கழுத்தை ஒட்டி நின்றுகொண்டார். கையில் ஒரு குச்சிகூட இல்லை.

"இருங்கடா" என்றார் பெரியவூட்டம்மா. நேராக என்னிடம் வந்தார். "ஏம்மா, அந்தக் குழாயில இன்னா தெரியுது? எங்க காட்டு."

ஒரு கண்ணை மூடத் தெரியாமல் முந்தானையால் மூடிக்கொண்டு பார்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு, "அடி ஆத்தே, மீன்குஞ்சு மாதிரி நெளியுது" என்றார். ஒட்டகத்தின் துளியையும் எடுத்து வைக்கச் சொன்னார். பாய் தாமே ரோஜாவின் காதைப் பிடித்துக்கொடுத்தார். "இது நெல்லு மாதிரி இருக்குது. அது வட்டமா இருந்தது. ஆனா மீன்குஞ்சு ஒண்ணுதான்." நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். "இது அதுங்கிட்டேர்ந்து இதுங்கிட்ட எப்பிடி வந்தது?"

"மாட்டு ஈ. அத கடிச்சிட்டு வாய் ஈரத்தோட இத கடிச்சிருக்குது. ஈய நான் கணக்குல சேக்கல."

"தீட்டு அறுந்து போச்சின்னீங்களே. ஈக்கு அது தெரியுமா?"

பெரியவூட்டம்மா கையைக் காட்டி, தன் மாடுகளில் சிலவற்றை ஓட்டிவரச் சொன்னார். "எங்க மாட்டையும் பாரு" என்றார் என்னிடம். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியாக அவருடைய எருமை. பளபளவென்று, மடி நிறைந்து, நோய் என்பதே தெரியாத எருமை. நெடுநேரம் தேடிய பிறகு பார்வையின் ஓரத்தில் அணுக்கள் லேசாக ஆடின. ஆடிய இடத்துக்கு ஸ்லைடை நகர்த்தினேன். அதே சாட்டை. என் கண்ணை நம்பாமல் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

"எருமைக்கு இது வந்தா வெளிய தெரியாதும்மா. மாசக்கணக்குல சும்மா வச்சிக்கினு இருக்கும்."

"அப்ப எங்க எருமைலேர்ந்துதான் ஒட்டகத்துக்குப் போச்சா?"

"இருக்கலாம். ஒட்டகத்துலேர்ந்து எருமைக்கும் வந்திருக்கலாம். தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்ளோ படிச்சீங்க?"

முதலில் சிரித்தது டாக்டர்தான். பெரியவூட்டம்மா சிரிக்கவில்லை. எருமையின் முதுகில் உட்கார்ந்திருந்த ஈயை அடித்துவிட்டு, புளியமரத்தடிக்குப் போன இருவரையும் பார்த்துக் கத்தினார்: "அங்க இன்னாடா பாத்துக்கினு நிக்கறீங்க? மீதி மாட்ட ஓட்டியாங்க. ஐஸு கரைஞ்சிக்கினு இருக்குது."

அவர் ஏன் மனம் மாறினார் என்று எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது. தன் எருமையும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டதால் இருக்கலாம். டாக்டர் வாயை மூடிக்கொண்டிருக்கக்கூடிய இடத்தில் பேசியதால் இருக்கலாம். சோடி இழந்த ஒற்றை மாட்டை முதலில் ஊசிக்கு அவர் ஓட்டி வந்தபோது கேட்க நினைத்தேன். அவர் முகம் கேட்க விடவில்லை. அன்று பிற்பகல் வீட்டுக்குப் போனவர் ஒரு கட்டு மல்லாட்டைக் கொடியை, நிலக்கடலைக் கொடிதான், ஆளிடம் கொடுத்தனுப்பினார். யாருக்கு என்று சொல்லவில்லையாம். பாய் அதை ரோஜாவின் முன் போட்டார். அது மோந்து பார்த்து, ஒரு வாய் இழுத்து, மெதுவாக மென்றது. வேப்பிலையும் சாணமும் போட்டு எழுப்பிய புகைமூட்டம் மாலையிலிருந்து எல்லாத் தொழுவங்களிலும் தெரிந்தது, புளியமரத்தடியிலும்.

சென்னை மருந்து வந்து சேர்ந்தது. ரோஜாவுக்கும் கன்றுக்கும் எருமைக்கும் போட்டோம். கன்று எலும்பும் தோலுமாகி, பிறகு தேறி, மணியோடு வீடு திரும்பியது. ரோஜா எழுந்து நிற்கச் சில நாள் ஆயிற்று. முதலில் பின்னங்கால்கள், பிறகு முன்னங்கால்கள், நடுவில் விழுந்துவிடுமோ என்று எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். பாய் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதோடு கிளம்பினார். வடக்கே போகும் சாலையில் இருவரும் வெயிலோடு வெயிலாகச் சிறுத்துப் போவதைப் பார்த்தேன். மருந்து முழுக்க வேலை செய்ததா, நோய் மறுபடி திரும்பியதா என்று எங்களுக்குச் செய்தி வரவில்லை. அந்த ஊரில் வெக்கையால் அதற்குமேல் மாடு சாகவில்லை. டாக்டர் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. புதுப் பிராணி வந்தால் அதற்குப் பிறகும் எந்த வூட்டுப் புள்ளை என்றுதான் கேட்பார். ஆனால் உடனே, "எது எதுகூட ஒரே மரத்தடியில நிக்குதுன்னும் பாத்துக்கங்கம்மா" என்பார். மாற்றலாகித் தெற்கே போனபோது அந்த ஸ்லைடை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நானும் பிறகு திண்டிவனம் வந்துவிட்டேன்.

சென்ற மாதம் புதுச்சேரிக்குப் பேருந்தில் போகும்போது, கிளியனூர் தாண்டி, சாலையோரப் புளியமர நிழலில் ஓர் ஒட்டகம் நடந்து போனது. முதுகில் பச்சை மல்லாட்டைக் கொடிக்கட்டு ஒன்று ஆடியது. கயிற்றைப் பிடித்திருந்தவர் தலையில் துண்டு கட்டியிருந்தார், முகம் தெரியவில்லை. நான் இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். ஒட்டகத்தின் கண்ணைத்தான் பார்க்க முயன்றேன், நீர் வடிகிறதா என்று. பேருந்து நிற்கவில்லை. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபோது ஒட்டகத்துக்குப் பின்னால், அதே நிழலில், யாரோ ஒரு பசுவைக் கட்டியிருந்தது மட்டும் தெரிந்தது.

மறுநாள் வகுப்பில் ஸ்லைடை எடுத்து வைத்தேன். சாயம் வருடா வருடம் வெளுத்து வருகிறது. நெல்மணி போன்ற அணுக்கள் மங்கிவிட்டன. நடுவில் கிடக்கும் ஊதாச் சாட்டை மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது. ஒரு மாணவி வழக்கம்போல் கோழி என்றாள். இன்னொருத்தி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நடுவுல இருக்கறது எந்தக் குடும்பம் மிஸ்?" என்று கேட்டாள். எந்தக் குடும்பத்துக்கும் போகக்கூடியது என்று சொல்ல வாயெடுத்தபோது தோட்டத்துப் பக்கமிருந்து ஓர் ஈ உள்ளே வந்து மேசைமேல் உட்கார்ந்தது. அதை வெளியே விரட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.